சி.ஆர். கொப்பியில் முப்பத்தொரு முகவரி: எந்த ஃபீட் ரீடர் யாருக்குச் சரி?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் போன மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு சி.ஆர். கொப்பியைக் கையில் தந்தார். வரிக்கு ஒன்றாக வலைப்பதிவு முகவரிகள், மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சின்னச் சின்னதாகத் திகதிகள். கடைசியாக எப்போது திறந்து பார்த்தார் என்ற குறிப்பு அது. சில வரிகளில் திகதி ஓரம் வரைக்கும் போய், இடமில்லாமல் மேலே ஏறியிருந்தது.

"தம்பி, இதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டாத் திறந்து பாக்க ஏலாது. பாக்காமல் விட்டா நல்ல எழுத்துத் தப்பிப் போயிடுது. என்ன செய்யிறது?"

கொப்பியைப் புரட்டினால் எல்லாத் தளமும் இருந்தன. கோயில் வரலாறு எழுதும் ஒருவர் புளொக்கரில். சமையல் எழுதும் ஒருவர் வேர்ட்பிரஸில். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவி சப்ஸ்டாக்கில். மருத்துவர் ஒருவர் மீடியத்தில். கதை வாசித்துக் காட்டும் ஒருவர் யூடியூபில். மூன்று முகநூல் பக்கங்கள்.

இதே கேள்வியை உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பரும், கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சியும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. காரணம் கீழே.

எல்லாத் தளத்துக்கும் ஒரே கோப்பு

வலைப்பதிவுத் தளங்கள் அநேகமாக எல்லாமே, நாம் பார்க்கும் பக்கத்துக்குப் பின்னால் இன்னொரு கோப்பையும் எழுதி வைக்கின்றன. அண்மைய பதிவுகளின் தலைப்பு, திகதி, உள்ளடக்கம் மட்டும் அதில் இருக்கும். அதுதான் ஓடை, ஆங்கிலத்தில் ஃபீட். பல ஓடைகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் செயலி அல்லது சேவைதான் ஃபீட் ரீடர். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடக்கிவைத்த ஆர்.எஸ்.எஸ். ஒரு வகை, 2005இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஆட்டம் இன்னொரு வகை. எந்த ஃபீட் ரீடரும் இரண்டையும் வாசிக்கும். எழுதுபவர் எந்தத் தளத்தில் எழுதினாலும், நமக்கு எல்லாம் ஒரே பட்டியலில் வந்து சேர்வது இதனால்தான்.

ஒரு காலத்தில் தமிழில் இந்த வேலையைத் திரட்டிகள் செய்தன. 2004இல் தொடங்கிய தமிழ்மணத்தை விடியக் காலையில் திறந்தால், யார் எங்கிருந்து எழுதியதும் முகப்பில் நிற்கும். இன்று நமக்கான திரட்டியை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓடையைத் தேடி அலையத் தேவையில்லை. பதிவின் முகவரியை ரீடரில் ஒட்டினாலே பெரும்பாலும் அதுவாகக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் முகவரிகளின் கடைசியில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேருங்கள். புளொக்கருக்கு 'ஃபீட்ஸ்', 'போஸ்ட்ஸ்', 'டிஃபோல்ட்' என்ற மூன்று சொற்களையும் சாய்கோட்டால் பிரித்து அடுத்தடுத்துச் சேர்க்க வேண்டும். மீடியத்தில் மட்டும் 'ஃபீட்' என்ற சொல் எழுதுபவரின் பெயருக்கு முன்னால் வரும். மாஸ்டொடோன் என்ற சமூக வலைத்தளக் கணக்கென்றால் கடைசியில் புள்ளி வைத்து ஆர்.எஸ்.எஸ். யூடியூப் சனலுக்கும் ஓடை உண்டு. சனல் முகவரியை ஒட்டினால் நிறைய ரீடர்கள் எடுத்துக்கொள்ளும்.

முகநூலுக்கும் இன்ஸ்டகிராமுக்கும் இந்த வழி இல்லை. ரீச்சரின் அந்த மூன்று வரிகளும் கொப்பியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எதை வைத்து அளப்பது

வெளிநாட்டுக் கட்டுரைகள் ரீடர்களை ஒப்பிடும்போது வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் என்று போகும். திருகோணமலையில் இருந்துகொண்டு வாசிக்கும் நமக்கு வேறு ஐந்து விடயங்கள் முக்கியம்.

காசு. அதாவது விலை மட்டுமில்லை, டொலரில் கட்டக்கூடிய கார்ட் கையில் இருக்கிறதா என்பதும்.

கரண்டும் சிக்னலும் போனால் வாசிக்க முடியுமா. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். மாரியில், வாடைக்காற்று அடிக்கும்போது, இப்போதும் சில இடங்களில் சிக்னல் விழுந்துவிடுகிறது.

போன் மட்டுமா, கணினியும் சேர்த்தா.

பத்து நாள் திறக்காமல் விட்டால் பதிவுகள் காத்திருக்குமா, போய்விடுமா.

கடைசியாக, பிடிக்காவிட்டால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியுமா. இதற்கு ஓ.பி.எம்.எல். என்ற கோப்பு வகை இருக்கிறது. நீங்கள் தொடரும் எல்லா ஓடைகளின் முகவரியும் அந்த ஒரே கோப்பில் அடங்கும். வேறொரு ரீடரில் ஏற்றினால் எல்லாம் அப்படியே வந்துவிடும். கோடிக்கணக்கில் வருமானம் உள்ள நிறுவனமும் ஒரு நாள் கடையை மூடும்: 2005இல் தொடங்கிய கூகுள் ரீடர் 2013 யூலை 1ஆம் திகதி மூடப்பட்டது. பட்டியலை எடுத்து வைத்திருந்தவர்கள் அன்று மாலையே இன்னொரு இடத்தில் குடியேறிவிட்டார்கள்.

வழி ஒன்று: ரீடரே வேண்டாம், முகநூலும் மின்னஞ்சலும் போதும்

நிறையப் பேர் இந்த வழியில்தான் நிற்கிறார்கள். புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை என்பது இதன் பலம். அதிலும் மின்னஞ்சல் நல்ல வழி: சப்ஸ்டாக் மாதிரித் தளங்களில் எழுத்து முழுதாக இன்பொக்ஸுக்கு வரும், தரவிறங்கிய பிறகு இணையம் இல்லாமலும் வாசிக்கலாம். ஐந்தாறு பேரை மட்டும் தொடர்கிறவருக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு தேவையில்லை.

ஐந்து பதினைந்தானால்தான் பிரச்சினை. வங்கிக் கடிதம், பிள்ளையின் பள்ளிக்கூட அறிவித்தல், மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நல்ல கட்டுரை புதைந்து கிடக்கும். தளம் மாறினால் அஞ்சலும் நிற்கும். புளொக்கர் பதிவுகளில் இருந்த 'மின்னஞ்சலில் தொடர' என்ற பழைய பெட்டி 2021 யூலையோடு வேலை செய்யாமல் போனது. அதையே நம்பியிருந்தவருக்கு, எழுதுபவர் எழுதுவதை விட்டுவிட்டார் என்றே தோன்றும். அவர் மாதாமாதம் எழுதிக்கொண்டிருப்பார்.

முகநூலை நான் இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். எதைக் காட்டுவது என்று அதுதான் தீர்மானிக்கிறது, அடிக்கடி எழுதுபவரும் சண்டை பிடிப்பவருமே அங்கே மேலே வருகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆற அமர யோசித்து எழுதுபவர் அங்கே தொலைந்துபோவார். எனக்கு வேண்டியவர் அவர்தான். இன்னொன்று: 2022 ஏப்ரல் 3ஆம் திகதி நாடு முழுவதும் முகநூல், வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் முடக்கப்பட்டபோது, சாதாரண வலைப்பதிவுகளின் ஓடைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

வழி இரண்டு: இணையச் சேவைகள்

ஃபீட்லி, இனோரீடர், தி ஓல்ட் ரீடர், நியூஸ்ப்ளர். இவற்றில் கணக்குத் திறந்தால், நாம் நித்திரையாக இருக்கும்போதும் அவர்களுடைய சேர்வர் (எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கணினி) ஓடைகளைப் போய்ப் பார்த்து எடுத்து வைக்கும். போனில் வாசித்தது கணினியில் வாசித்ததாகவே குறிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டும் பெரிய வசதி.

இலவசமாக எவ்வளவு கிடைக்கும்? ஃபீட்லியிலும் தி ஓல்ட் ரீடரிலும் 100 ஓடைகள். இனோரீடரில் 150, விளம்பரத்தோடு. நியூஸ்ப்ளரில் 64. சாதாரண வாசகருக்கு இது தாராளம். இலவச எல்லையைத் தாண்டினால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நியூஸ்ப்ளரின் வருடக் கட்டணம் 36 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 10,800 ரூபாய். அதற்கு மேல் வங்கி எடுக்கும் நாணய மாற்றுக் கழிவு. வருடா வருடம் தானாகக் கழியும் என்பதையும் மறக்கக் கூடாது. ரூபாய் விழுந்தால் உங்களைக் கேட்காமலே கட்டணம் ஏறும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் வேறும் உண்டு. ஃபீட்லியில் 30 நாளுக்கு மேல் வாசிக்காமல் கிடப்பவை தாமாகவே வாசித்தவையாகிவிடும். கொழும்பில் பிள்ளை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு வருபவர் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், வேறு யாருமே தொடராத ஒரு சின்னத் தமிழ்ப் பதிவை இந்தச் சேவைகள் அடிக்கடி எட்டிப் பார்ப்பதில்லை, ஆறுதலாகத்தான் பார்க்கும். உங்கள் வாசிப்புப் பட்டியல் முழுவதும் ஒரு நிறுவனத்திடம் இருக்கும் என்பதும் சிலருக்கு உறுத்தும். இலவசக் கணக்குகளில் இணையம் இல்லாதபோது வாசிக்கும் வசதியை நம்பியிருக்கவும் முடியாது.

கணினியும் போனும் மாறி மாறிப் பாவிப்பவர், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பதிவு போடும் செய்தித் தளங்களைத் தொடர்பவர், தேடிப் பிடித்துச் சேமித்து வைப்பவர் ஆகியோருக்கு இதுவே சரி.

வழி மூன்று: போனிலேயே, கணினியிலேயே இருக்கும் செயலிகள்

அன்ட்ரொயிட் போனுக்கு ஃபீடர் என்ற செயலி. ஐபோனுக்கும் மக்குக்கும் நெட்நியூஸ்வயர். விண்டோஸ் கணினியில், பலர் மின்னஞ்சலுக்குப் பாவிக்கும் தண்டர்பேர்டிலேயே ஓடைகளுக்கான தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம். மூன்றும் இலவசம், மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள், மூன்றிலும் ஓ.பி.எம்.எல். ஏற்றலாம், இறக்கலாம். ஃபீடருக்குக் கணக்குக்கூடத் திறக்க வேண்டாம். நிறுவிய உடனே வேலை செய்யும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது, எழுத்து நம் கையில் இருப்பது. காலையில் வைஃபை இருக்கும்போது எல்லாவற்றையும் இழுத்து வைத்துவிட்டால், பிறகு கரண்ட் போனாலும் சரி, மூதூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிக்னல் விழுந்தாலும் சரி, வாசிப்பு நிற்காது. டேட்டாவும் பெரிதாகப் போகாது. ஓடை மாறாமல் இருந்தால் சேர்வர் 'புதிதாக ஒன்றுமில்லை' என்று ஒரு வரிப் பதில் மட்டும் அனுப்பும். கோப்பு முழுவதும் திரும்ப இறங்காது. டேட்டாவைத் தின்பது படங்கள்தான். ஒரு பெரிய கமராப் படம், எழுத்து மட்டும் உள்ள ஓடைகள் பலவற்றைவிடக் கூட இழுக்கும். அதனால் ஃபீடரின் அமைப்புகளில் வைஃபையில் மட்டும் ஒத்திசைக்கும்படி விடுங்கள். ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கும் மாணவர்களுக்கு முதல் வேலை இதுதான்.

சரி, குறை என்ன? ஓடை ஒன்றில் எல்லாப் பழைய பதிவும் இருக்காது. வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசிப் 10 பதிவுகளையும் புளொக்கர் 25ஐயும்தான் ஓடையில் வைத்திருக்கும். உங்கள் போன் ஐந்து நாள் இணையத்தைக் காணாவிட்டால், அந்த ஐந்து நாளில் ஐம்பது பதிவு போட்ட வேர்ட்பிரஸ் செய்தித் தளத்தின் முதல் நாற்பதும் உங்களுக்குக் கிடைக்காது. அவை ஓடையிலிருந்து வழிந்து போயிருக்கும். மாதம் ஒன்று எழுதுபவரின் பதிவோ வருடம் கழிந்தாலும் அங்கேயே நிற்கும். ஆகவே இந்தக் குறை யாருக்குக் குறை என்பது நீங்கள் தொடரும் ஆட்களைப் பொறுத்தது. அமைதியாக எழுதுபவர்களைத் தொடர்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

இன்னொரு சிக்கல், சில போன்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கப் பின்னால் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். அப்போது நீங்களாகக் கீழே இழுத்துப் புதுப்பிக்க வேண்டும், அல்லது பற்றரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு சாதனங்களுக்கு இடையே வாசித்த குறி போவதும் எளிதில்லை. நெட்நியூஸ்வயர் மட்டும் ஐகிளவுட் வழியாக ஐபோனையும் மக்கையும் இணைத்துவிடும். வேண்டுமானால் ஃபீட்லி, இனோரீடர் கணக்குகளையும் அதற்குள்ளேயே வாசிக்கலாம்.

எந்த ரீடரிலும் வரும் இரண்டு தலைவலி

பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு முன் இலங்கையில் தொடங்கிய சில தளங்கள் இன்னும் பாமினியிலேயே இருக்கின்றன. தளத்தில் தமிழாகத் தெரியும்; ரீடர் எழுத்துருவைக் கழற்றிவிட்டு எழுத்தை மட்டும் எடுப்பதால், உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ரீச்சரின் கொப்பியில் இப்படி ஒன்று இருந்தது. எந்தச் செயலியை மாற்றினாலும் இது தீராது. தேவையானபோது பிரதி எடுத்து ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு வாசிக்க வேண்டியதுதான்.

மற்றது, ஓடையில் இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு 'மேலும் வாசிக்க' என்று தளத்துக்கு இழுக்கும் பதிவுகள். ஃபீடர் போன்ற சில செயலிகள் முழுக் கட்டுரையையும் தேடி எடுத்துவரும், ஆனால் எப்போதும் சரியாக வராது. இதை வாசிப்பவர்களில் வலைப்பதிவு எழுதுபவர் இருந்தால் தயவுசெய்து உங்கள் அமைப்பைத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸிலும் புளொக்கரிலும் ஓடைக்கு முழு எழுத்தா சுருக்கமா என்று தெரிவு இருக்கிறது. முழு எழுத்து என்று மாற்ற அரை நிமிடம் போதும். கரண்ட் இல்லாத இரவில் உங்களை யாரோ வாசிப்பார்கள்.

வழி நான்கு: சொந்தச் சேர்வர்

ஃபிரெஷ்ஆர்.எஸ்.எஸ்., மினிஃப்ளக்ஸ், டைனி டைனி ஆர்.எஸ்.எஸ். போன்றவற்றை நம்முடைய கணினியிலோ வாடகைச் சேர்வரிலோ நிறுவிக்கொள்ளலாம். ஓடை எண்ணிக்கைக்கு எல்லை இல்லை, பழைய பதிவுகளை எத்தனை வருடம் வைப்பது என்பதும் நம் விருப்பம். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு இதைப்போல சுதந்திரம் வேறு எதிலும் இல்லை.

நான் இதைச் செய்து பார்த்தவன். உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி ஒன்றில் வீட்டிலேயே ஓட்டினேன். 2022இன் மின்வெட்டுகளில் அது எழும்பி எழும்பி விழுந்தது; ஒரு நாள் கரண்ட் வந்தபோது மெமரி கார்டைத் திறக்கவே முடியவில்லை. ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதிவுகள் போயின, அவற்றில் இரண்டு தளங்கள் இன்று இணையத்திலேயே இல்லை. ஓ.பி.எம்.எல். கோப்பு மின்னஞ்சலில் கிடந்ததால் பட்டியல் மட்டும் தப்பியது. யு.பி.எஸ். இல்லாமல் வீட்டில் சேர்வர் வைக்க வேண்டாம் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன். சிம் ரவுட்டரில் இணையம் எடுப்பவர்களுக்கு, வெளியிலிருந்து வீட்டுச் சேர்வரை எட்டுவதே பெரும் பாடு. வாடகைச் சேர்வரென்றால் மறுபடி டொலர்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முகநூல், மின்னஞ்சல் | இணையச் சேவை | போன், கணினிச் செயலி | சொந்தச் சேர்வர் |
|---|---|---|---|---|
| காசு | இல்லை | எல்லை வரை இலவசம், பிறகு டொலர் | இல்லை | சாதனம், யு.பி.எஸ். அல்லது வாடகை |
| இணையம் இல்லாதபோது | மின்னஞ்சல் மட்டும் | இலவசக் கணக்கில் நம்ப முடியாது | நன்றாக வாசிக்கலாம் | இணைக்கும் செயலியைப் பொறுத்தது |
| இரண்டு சாதனம் | ஆம் | ஆம் | கடினம், ஆப்பிளில் எளிது | ஆம் |
| பல நாள் திறக்காவிட்டால் | முகநூலில் போய்விடும் | காத்திருக்கும், நாள் எல்லை பாருங்கள் | அதிகம் எழுதும் தளங்களில் விடுபடும் | காத்திருக்கும் |
| பட்டியலோடு வெளியேற | வழியில்லை | ஓ.பி.எம்.எல். | ஓ.பி.எம்.எல். | ஓ.பி.எம்.எல். |

மூவருக்கும் சொன்னது

விடுதி நண்பர் பயண எழுத்தாளர்களையும் திமிங்கிலம் பார்க்க வருபவர்களின் பதிவுகளையும் தொடர்கிறார். பகலில் வரவேற்பு மேசைக் கணினி, இரவில் போன். சீசனில் நாட்கணக்காகத் திறக்க நேரமிருக்காது. அவருக்கு இனோரீடரின் இலவசக் கணக்கு. அஞ்சலில் மட்டும் வரும் இரண்டு மடல்களை, 'கில் த நியூஸ்லெட்டர்' என்ற இலவசச் சேவையால் ஓடையாக மாற்றி அதற்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தேன். அந்தச் சேவை ஒரு மின்னஞ்சல் முகவரி தரும், அங்கே வரும் மடல் ஓடையில் பதிவாக விழும்.

வளாகத் தங்கச்சிக்கு ஃபீடர். வளாக வைஃபையில் மட்டும் இறங்கும்படி வைத்தோம். செய்தித் தளங்களைச் சேர்க்க வேண்டாம், அவற்றை நேரே போய்ப் பார்த்துக்கொள் என்றேன். இருபத்திரண்டு ஓடைகளில் ஒன்றும் விடுபடவில்லை என்று பிறகு சொன்னாள்.

ரீச்சருக்கும் ஃபீடர்தான். விறாந்தையில் இருந்து அவர் முகவரியை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் ஏற்றினேன். முப்பத்தொன்றில் மூன்று முகநூல், இரண்டு தளங்கள் இல்லாமலே போயிருந்தன, ஒன்று பாமினி. மிச்சம் இருபத்தைந்தும் ஏறின. எழுத்தளவைக் கூட்டிவிட்டு, ஓ.பி.எம்.எல். கோப்பை அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தேன். 2019க்குப் பிறகு ஒன்றுமே எழுதாத ஒரு பதிவும் பட்டியலில் இருந்தது. எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. அவன் எழுதினா எனக்குத் தெரிய வேணும்."

எடுக்கவில்லை. எழுதாத ஓடை டேட்டாவையும் தின்னாது, இடத்தையும் பிடிக்காது. போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு ரீச்சரிடமிருந்து அழைப்பு. அந்தப் பதிவின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்ற இலக்கம் வந்திருக்கிறதாம்.